ஆறாம் வார்டுக்குப் போகாத பதினேழு முடிவுகள்

என் வீட்டுக்காரருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று என் நாத்தனார் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் வாய்க்குப் பூட்டுப் போட யாராலும் முடியாது, நானும் முயல்வதில்லை. ஆனால் அது முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். பேருந்தில் ஏறினால் இவர் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில்தான் உட்காருவார். இடம் இல்லாவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பார். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனாலும் ஓட்டுநரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் முழுக்கக் கைப்பேசி அடிக்காவிட்டால் மற்றவர்கள் அப்பாடா என்பார்கள். இவருக்கு முகம் வெளுத்துவிடும்.

"யாரும் கூப்பிடலைன்னா நல்லதுதானேங்க?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"யாருக்கும் பிரச்சினை இல்லன்னு அர்த்தமா, இல்ல பிரச்சினை என்கிட்ட வந்து சேரலைன்னு அர்த்தமா?" என்றார்.

இப்படிப்பட்ட ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாய் என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் முழுக்கதையையும் சொல்ல வேண்டியிருக்கும், அதில் நானும் நல்லவளாக வர மாட்டேன். சரி, கேட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்குப் பெயரே கிடையாது, எல்லாருக்கும் 'கம்ப்யூட்டர் சார்'தான். சலவை அறைக்கு அடுத்து, ஒரு அலமாரியை அறை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சுவரின் அந்தப் பக்கம் நாள் முழுக்கப் போர்வைகள் வேகும், இந்தப் பக்கம் சர்வர்கள் உறுமும், நடுவில் இவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார். உயிரைப் பிடித்து நிறுத்துகிற டாக்டர்கள் தங்கள் பாஸ்வேர்டைப் பிடித்து வைக்கத் தெரியாமல் அவரிடம் வருவார்கள். இவர் அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். நன்றாகச் சிரிக்கத் தெரிந்த மனுஷன்தான்.

அந்த மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவுகள் துண்டுச் சீட்டில்தான் லேபிலிருந்து வார்டுக்கு வரும். சீட்டு தொலையும், நனையும், வேறு வார்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை ஒழிக்க, லேப் கணினியிலிருந்து வார்டுத் திரைக்கு நேராக முடிவை அனுப்ப முடிவு செய்தார்கள். நடுவில் ஒரு செய்தி சர்வர் வேண்டும், ஜாவாவில் ஓடுவது. நிறுவும் வேலை இவர் தலையில் விழுந்தது. அதற்கு முன் அப்படி ஒன்றை அவர் தொட்டதுகூட இல்லை.

நான்கு நாள் ஆனது. முதல் நாள் முழுக்க ஜாவாவோடு மல்லுக்கட்டினார். அந்தக் கணினியில் ஏற்கெனவே ஒரு பழைய ஜாவா இருந்தது. அதை எடுத்தால் வேறு ஏதோ மென்பொருள் படுத்துவிடும், அதையே நம்பினால் புதிய சர்வர் எழுந்திருக்காது. இரண்டையும் வைத்துக்கொண்டு, புதியதற்கு மட்டும் உன் ஜாவா இன்ன இடத்தில் இருக்கிறது என்று பாதை எழுதிக் கொடுத்தார். அடுத்த நாள், பொட்டலமாக வந்த கோப்பைப் பிரித்துப் போட்டுக் கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்தார். வரிவரியாக ஏதோ ஓடி, நின்று, 'தொடங்கியது' என்று சொன்னதாம். ஊரறிந்த ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றினார். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு வரிசை ஏற்படுத்தினார். நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று எண்கள் தெரியும்: வந்தவை, போனவை, காத்திருப்பவை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மூன்று டம்ளர்களை வைத்து எனக்கு விளக்கினார்.

"இது லேப். இது வார்டு. நடுவுல இருக்கறது சர்வர். லேப் அனுப்பிட்டு அது வேலையைப் பார்க்கப் போயிடலாம். வார்டு கம்ப்யூட்டர் அணைஞ்சு கிடந்தாலும் நடுவுல இருக்கறது பத்திரமா வச்சிருந்து, எழுந்ததும் குடுக்கும். வாங்கிக்கிட்டேன்னு அது சொன்னப்புறம்தான் வரிசையிலேர்ந்து எடுக்கும்."

நான் தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்காருகிறவள். "ஒரு தபாலாபீசைப் பெட்டிக்குள்ள போட்டிருக்கீங்க. இதுக்கு நாலு நாளா? நாங்க காலங்காலமா பண்ணிட்டு இருக்கோம், ஒருத்தரும் டம்ளர் வச்சு விளக்கலை," என்றேன். அவர் நடு டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தார்.

கடைசி நாள் சோதனை. அந்த மென்பொருளோடு இரண்டு சின்ன நிரல்கள் மாதிரிக்கென்று வரும். ஒன்று அனுப்பும், ஒன்று வாங்கும். இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் 'கேக்குதா' என்று அனுப்பினார், மற்றதில் 'கேக்குதா' என்று வந்து விழுந்தது. பத்து முறை அனுப்பினார், பத்தும் வந்தது. சோதனைக்கென்று தனி வரிசை வைத்தால் சோதனை வரிசைதான் தேறும், நிஜ வரிசை தேறியதா என்று எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி. அதனால் ஆறாம் வார்டின் நிஜ வரிசையிலேயே சோதித்தார். முடித்துவிட்டு, தன் மேஜையிலிருந்து சர்வருக்குள் போயிருந்த இணைப்பை மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கி மூடினார். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். அப்படி மூடினால் வெளியே வந்தது நாம் மட்டும்தான், உள்ளே திறந்து வைத்ததெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த நாள் திரும்பப் போனால் விட்ட இடத்திலேயே தொடரலாம் என்று ஒரு சௌகரியம்.

திங்கட்கிழமை நிஜமாகவே தொடங்கிவிட்டார்கள். அன்றிலிருந்தே ஆறாம் வார்டில் புலம்பல். சில முடிவுகள் வருகின்றன, சில வரவில்லை. வார்டு நர்ஸ் லேபுக்குப் போன் செய்து வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். இரண்டு நாளில் லேப்காரர்கள் சலித்துப்போனார்கள். அனுப்பியாச்சுன்னா அனுப்பியாச்சு, சும்மா சும்மா கூப்பிடாதீங்க என்றார்கள். முன்பெல்லாம் ஆபத்தான எண் வந்தால் லேபே கூப்பிட்டுச் சொல்லும். இப்போதுதான் திரையில் சிவப்பாகத் தெரியுமே என்று அதையும் நிறுத்திவிட்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு அந்த நர்ஸ் இவரைக் கூப்பிட்டாள். பதினான்காம் படுக்கையில் ஒரு பேருந்து ஓட்டுநர், சிறுநீரகக் கோளாறு, காலையில் எடுத்த ரத்தத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. இவர் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து ஆறாம் வார்டின் வரிசையைப் பார்த்தார். காத்திருப்பவை என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

"இங்க ஒன்னுகூட நிக்கலை சிஸ்டர். எல்லாம் டெலிவரி ஆயிடுச்சு. உங்களுக்கு வந்திருக்கும், நல்லா பாருங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒன்றே காலுக்கு ஓட்டுநரின் இதயம் நின்றுவிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. லேப் பத்து நாற்பத்திரண்டுக்கே முடிவை அனுப்பியிருந்தது. சர்வரும் பத்து நாற்பத்திரண்டுக்கே கொடுத்துவிட்டதாகப் பதிவு சொன்னது. வரவில்லை என்று சொன்னது நர்ஸ் ஒருத்திதான். அன்று மதியத்திலிருந்தே ஆறாம் வார்டுக்கு முடிவுகள் மறுபடி சீட்டில் போகத் தொடங்கின. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அன்று மாலையே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இவர் வந்து அடுப்படி வாசலில் நின்று இதையெல்லாம் சொன்னார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு பொய் சொல்ற மாதிரி தெரியலை. மூணு நாளாவே ஒன்னு வருது, ஒன்னு வரலைன்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு," என்றார்.

"ஒன்னு விட்டு ஒன்னா?"

"ஏறக்குறைய அப்படித்தான்."

"வரிசை ஒன்னு, கவுண்டர் ரெண்டு இருந்தா எங்க ஆபீஸ்ல அப்படித்தான் ஆகும். ஒருத்தர் இந்தப் பக்கம் வருவார், அடுத்தவர் அந்தப் பக்கம் போவார்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். திரும்பிப் பார்த்தால், மனுஷன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தார். சர்வருக்குள் அந்தச் சோதனை ஜன்னல் போன வாரத்திலிருந்து திறந்தே இருந்தது. ஆறாம் வார்டுக்கு வந்த முடிவுகளில் ஒன்றை வார்டுக்கும் அடுத்ததை இந்த ஜன்னலுக்குமாக சர்வர் மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறது. இந்த ஜன்னலும் ஒவ்வொன்றுக்கும் வாங்கிக்கொண்டேன் என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. மேலே பத்து வரி 'கேக்குதா'. அதற்குக் கீழே பதினேழு மனிதர்களின் ரத்தம். பதினேழாவது வரி பதினான்காம் படுக்கை.

அதை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு, ஜன்னலை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். மற்ற பதினாறையும் நர்ஸ் போனில் கேட்டு வாங்கியிருந்தாள், அவர்களுக்கு ஆபத்தில்லை. "போய்ச் சொல்லிடறேன். அந்தப் பொண்ணு வேலை போயிடும்," என்றார்.

இனி நான் சொல்வதை என் நாத்தனாரிடம் சொல்லிவிடாதீர்கள். நான்தான் வேண்டாம் என்றேன். "இப்ப சொன்னா செத்தவர் எழுந்து வந்துடுவாரா? அவளை ரெண்டு திட்டு திட்டி விட்டுடுவாங்க. உங்க மேலன்னா கொலைப்பழி. நம்ம பொண்ணு காலேஜ் முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, நினைச்சுப் பாருங்க," என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நல்லவரை வாயடைக்க வைப்பது சுலபம், அவர்களுக்குத் தங்கள் மேல் ஏற்கெனவே பயம் இருக்கும். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சர்வர் சரியாக இருந்ததா என்று எழுதித் தரச் சொல்லி மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கேட்டார். 'சர்வர் தனக்கு வந்த எல்லாச் செய்திகளையும் கொடுத்துவிட்டது' என்று ஒரே வரி எழுதினார். பொய் எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தை நான்தான் படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி என்பார்களே, அதை வீட்டுக்குள் வைத்துப் பார்த்தேன். வாய்விட்டுக் கத்தவும் முடியாது, வலியும் போகாது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே யாரிடமோ பேசுவார். ஒருநாள் கதவருகே போய் நின்று கேட்டேன். "நல்லா பாருங்க. நல்லா பாருங்க." அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், போனில் பேசுகிற அதே மரியாதைக் குரலில். வெளியே வந்தவரிடம் தண்ணி வீணாகிறது என்று சண்டை போட்டேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பேருந்து விஷயமும் அப்போதுதான் தொடங்கியது. கூட உட்கார்ந்திருந்தபோது ஒருமுறை, எதைத்தான் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் அந்த ஆளைப் பார்த்ததே இல்லம்மா. படுக்கை நம்பர்தான் தெரியும். முகம் தெரிஞ்சிருந்தா ஒரு முகத்தோட போயிருக்கும். தெரியாததால எல்லா டிரைவரும் அவரா இருக்காரு."

அந்தப் பேருந்தின் ஓட்டுநர் வெற்றிலைச் சிவப்பு உதட்டோடு யாரையோ திட்டிக்கொண்டே ஓட்டினார். நல்ல உயிரோடு இருந்தார். இவர் அதையும் பார்த்துக் கண்கலங்கினார்.

ஓட்டுநர் இறந்த இருபத்திரண்டாம் நாள், காலை பதினோரு மணிக்கே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு அன்று விடுமுறை. விசாரணைக் காகிதங்களைக் கணினியில் ஏற்றும்படி அவரிடமே கொடுத்திருக்கிறார்கள். அதில் அந்த நர்ஸின் கடிதமும் இருந்திருக்கிறது. முதல் நாள் 'வரவே இல்லை' என்று எழுதியவள், இப்போது மாற்றி எழுதியிருக்கிறாள். அவர் எனக்கு மனப்பாடமாகச் சொன்னார்: 'முடிவு திரைக்கு வந்திருக்க வேண்டும். நான் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கலாம். எந்தத் தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.'

"செய்யாத தப்பை அவ ஒத்துக்கிட்டா. நான் சொன்னதை நம்பி," என்றார். "முதல்ல அவகிட்ட சொல்லணும். அப்புறம் ஆபீஸ்ல."

இந்த முறை நான் தடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். செய்ததில் பாதிப் பங்கு எனக்கு இருக்கும்போது, சொல்ல மட்டும் அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

அவள் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. படிக்கட்டுக் கைப்பிடி முழுக்கத் துணி காய்ந்துகொண்டிருந்தது. முப்பது வயதுகூட இருக்காது. கதவைத் திறந்தவள் இவரைப் பார்த்ததும் பதறி, "வாங்க சார், உட்காருங்க சார்," என்று நாற்காலியில் கிடந்த துணிகளை வாரினாள். தப்புச் செய்தவள் வீட்டுக்கு மேலதிகாரி வந்த மாதிரி அப்படி ஒரு பணிவு.

இவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். எப்படி நடந்தது என்று ஒளிக்காமல் சொன்னார். அவள் பதினேழாவது வரியில் விரலை வைத்தாள்.

"பத்து நாப்பத்திரெண்டு," என்றாள். "நான் உங்களுக்குப் போன் பண்ணது பத்து ஐம்பது."

"ஆமா சிஸ்டர்."

"லேபுக்குத்தான் பண்ணலாம்னு எடுத்தேன் சார். அவங்க திட்டுவாங்களேன்னு உங்களுக்குப் பண்ணேன். வந்திருக்கும் நல்லா பாருங்கன்னு சொன்னீங்க. சரி நான்தான் பார்க்கலை போலன்னு தேடினேன். மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல. இருபது நிமிஷம் தேடினேன். அதுக்குள்ள வேற ஒரு கேஸ் வந்துடுச்சு."

தாளின் மேல் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை.

"எப்ப தெரியும் சார், இது?"

"மறுநாளே."

அவள் மனதுக்குள் நாட்களை எண்ணுவது தெரிந்தது. நான் பொறுக்க முடியாமல், "அவர் அன்னைக்கே சொல்றேன்னாரும்மா. நான்தான் வேணாம்னு தடுத்தேன்," என்றேன்.

திட்டுவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என் பக்கம் திரும்பி, ஏதோ நல்ல செய்தி கேட்டவள் மாதிரி, "அப்ப நிஜமாவே வரலையாக்கா?" என்றாள். "கண் டாக்டர்கிட்டகூடப் போனேன். கண்ணுல ஒன்னுமில்லன்னாரு. அப்படின்னா புத்தியிலதான் கோளாறுன்னு நினைச்சேன். கண்ணை மூடினா அந்தத் திரை வரும், அதுல அந்த வரி இருக்கும். தினமும் இருக்கும்க்கா. சிவப்பா இருக்கும். நான் பார்த்துட்டுத் தாண்டிப் போவேன். பார்த்த மாதிரியே ஆயிடுச்சு. அதான் ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டேன்."

இவர் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இருபது வருடத்தில் நான் பார்க்காத அழுகை.

அன்று பிற்பகலே கண்காணிப்பாளரிடம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தார். அவளை ஒரே வாரத்தில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், இவரை அனுப்பிவிட்டார்கள். ஓட்டுநர் வீட்டுக்கும் போனார். அங்கே நடந்தது அவர்கள் துக்கம், அதை நான் எழுதப்போவதில்லை. இப்போது ஒரு செருப்புக் கிடங்கில் அதே மாதிரி சர்வரை நிறுவிப் பார்த்துக்கொள்கிறார். செய்தி தப்பினால் ஒரு பெட்டி செருப்பு வேறு ஊருக்குப் போகும், அவ்வளவுதான். அங்கே சோதனைக்குத் தனி வரிசை வைத்திருக்கிறார்.

போன வாரம் என் கவுண்டருக்கு ஒரு பதிவுத் தபாலோடு அந்த நர்ஸ் வந்தாள். மூக்கில் தடித்த சட்டமிட்ட கண்ணாடி. எனக்கு வாய் சும்மா இருக்காதே, "கண்ணுல குறையே இல்லன்னாங்கன்னு சொன்னியே, இப்ப என்ன பவர்?" என்றேன்.

"பவரே இல்லக்கா. வெறும் கண்ணாடிதான். கெஞ்சிக் கேட்டுப் போட்டுக்கிட்டேன்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "வேலைக்குத் திரும்பிப் போனப்புறம் திரை முன்னாடி உட்காரவே முடியலை. இதைப் போட்டாத்தான் பார்க்கறதை நம்ப முடியுது. தப்பு என் மேல இல்லன்னு தெரியும்க்கா. நல்லாவே தெரியும். ஆனா சார் சொன்னதுதான் இன்னும் காதுல கேக்குது."

தபாலின் மேல் முத்திரையைக் குத்தினேன். சரியாக விழவில்லை, மறுபடி குத்தினேன்.

"சார்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், தாங்க மாட்டாரு," என்று சொல்லிவிட்டு, ரசீதை வாங்கிக் கண்ணருகே வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் இவர் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கு ஆபீஸ்ல யாராவது தெரிஞ்சவங்க வந்தாங்களா?" என்று கேட்டார். எப்போதும் கேட்பதுதான். யாரும் வரவில்லை என்றேன்.